அழைப்பில் இருக்கிறார்

தம்பி முகப்பில் இருக்கிறான். இதோ அழைப்புத் திரைக்குப் போய்விட்டான். மறுபடியும் முகப்பு. என் எதிரே இருக்கும் மானிட்டரில் வரிகள் கீழிருந்து முளைத்து மேலே ஏறுகின்றன, முகப்பு, அழைப்பு, முகப்பு, அழைப்பு, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அவனுடைய போன் நம்பர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன், நான் வாங்கிக்கொடுத்த நம்பர். அவன் சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் நிற்கிறான். நான் சென்னையில், பெருங்குடியில், மூன்றாவது மாடியில், ஏசி நேராக மண்டையில் இறங்குகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் இருப்பது நானும் நவ்ஷாத்தும் எழுதிய ஆப். காது கேளாதவர்களுக்கான ஆப் அது. ஒரு பட்டனை அழுத்தினால் எங்கள் மையத்தில் காத்திருக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வீடியோவில் வருவார். எதிரே நிற்பது டாக்டரோ, போலீஸ்காரரோ, பேங்க் மேனேஜரோ, அவர் பேசுவதை இவர் கையால் சொல்வார், கையால் சொல்வதை வாயால் சொல்வார். வேறு எதுவும் அந்த ஆப்பில் கிடையாது. அழுத்தினால் ஆள் வர வேண்டும். தனபாலன் அழுத்துகிறான், ஆள் வரவில்லை. காலையில் நான் பஸ்ஸில் வரும்போது அவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 'செண்பகம் வலி. ஆஸ்பத்திரி போறோம். ஆப் இருக்கு. நீ வேலை பார்.' அவன் எழுதும் தமிழ் அப்படித்தான் இருக்கும், சொற்களுக்கு வால் இருக்காது, ஏனென்றால் தமிழை அவன் கண்ணால் பார்த்திருக்கிறானே தவிர ஒருநாளும் கேட்டதில்லை. அவன் மனைவி செண்பகவல்லிக்கும் கேட்காது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் வாரக்கணக்கில் இருக்கிறது, அதற்குள் வலி. செண்பகத்தின் அம்மா கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடிக்கக் கிளம்புகிறார்களாம். அவர்கள் வந்து சேரும்வரை அந்த வார்டில் கேட்கிற காது ஒன்று அவர்களுக்கு இல்லை. ஆப் இருக்கு, நீ வேலை பார். நான் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் வேலை முகப்புக்கும் அழைப்புக்கும் நடுவே அவனைத் தூக்கித் தூக்கிப் போடுவதை.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை, தெரியாமலிருந்தால் தேடிக்கொண்டாவது இருக்கலாம். ஆப்பில் திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம், தட்டு அடுக்குவதுபோல. முகப்பின் மேல் காத்திருப்பு, அதன்மேல் அழைப்பு. பேக் பட்டனை அழுத்தினால் மேல்தட்டு போய்விடும், கீழே இருப்பது தெரியும். அதுவரைக்கும் சுலபம். ஆனால் திரைகளுக்குத் தனியாக ஞாபகம் கிடையாது, தட்டு போனால் அதில் இருந்ததும் போய்விடும், அதனால் முக்கியமானதை எல்லாம் வேறொரு இடத்தில் எழுதி வைக்கிறோம், ஸ்டேட் என்போம், ஆப் தன்னைப்பற்றித் தானே நம்பிக்கொண்டிருக்கிற விஷயம். அழைப்பில் இருக்கிறார், அழைப்பில் இல்லை, அப்படி. அதைப் போனுக்குள்ளேயே சேமித்துவைப்போம் என்று சொன்னது நான். பேங்கில், தாலுகா ஆபீஸில், பேசிக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு இணைப்பு அறுந்து, ஆப் மூடிக்கொண்டு, மறுபடி திறந்தால் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பாவமாக இருந்தது. விட்ட இடத்திலேயே கொண்டுபோய் விடலாம் என்றேன். நல்ல யோசனை அக்கா என்றான் நவ்ஷாத். நல்ல யோசனைதான். இன்று காலை தனபாலன் முதலில் ஒருதடவை அழைத்திருக்கிறான், மொழிபெயர்ப்பாளர் ஃபுளோரா வந்திருக்கிறாள், ரிசப்ஷனில் பெயர் பதிந்து கொடுத்திருக்கிறாள். நடுவில் யாரோ ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டிருக்கிறார்கள், இவன் போனில் இருந்த படத்தைத் தேடப் போயிருக்கிறான், அந்த நேரம் பார்த்து போன் நினைவகத்தில் இடமில்லாமல் எங்கள் ஆப்பைக் கொன்றுவிட்டது. அழைப்பு முடிந்தது என்று எழுதுவதற்குக்கூட ஆப்புக்கு நேரம் கிடைக்கவில்லை. மறுபடி திறந்தால் ஸ்டேட் சொல்கிறது, அழைப்பில் இருக்கிறார். முகப்பு அதை நம்பி அவனை அழைப்புத் திரைக்கு அனுப்புகிறது. அழைப்புத் திரை பார்க்கிறது, இங்கே யாரும் இல்லையே, போ முகப்புக்கு என்கிறது. முகப்பு சொல்கிறது, அழைப்பில் இருக்கிறாயே, போ. இரண்டும் தன் தன் வேலையைச் சரியாகச் செய்கின்றன. முகப்பில் தப்பில்லை, அழைப்பில் தப்பில்லை, நடுவில் என் தம்பி.

போனை அணைத்துப் போட்டிருக்கிறான், நடுவே கொஞ்சநேரம் வரிகள் நின்றன, நெஞ்சு லேசானது, பிறகு மறுபடி முகப்பு, அழைப்பு, முகப்பு. அணைத்துப் போட்டால் போகாது தம்பி, அது உள்ளே எழுதியிருக்கிறது. ஆப்பைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடு, அது போதும். இதைத்தான் அவனிடம் சொல்ல வேண்டும், ஒரே வரி, 'ஆப் அழி. மறுபடி போடு.' அனுப்பிவிட்டேன். ஒருதடவையா, எத்தனை தடவை. போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிறது, படித்ததாகக் காட்டவில்லை, நீலம் ஆகவே இல்லை. வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டேன், மணி போகிறது போகிறது என்று என் பக்கம் காட்டுகிறது, அங்கே அவன் கையில் போன் அதிரவே அதிராது, ஏனென்றால் அழைப்பில் இருக்கும்போது வேறு எந்தச் செய்தியும் திரைக்கு மேல் வந்து மொழிபெயர்ப்பாளரின் கையை மறைக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் அடக்கி வைக்கிற ஏற்பாடு ஒன்றைச் செய்திருக்கிறோம். அதுவும் நல்ல யோசனைதான். கை மறைந்தால் பாதிப் பேச்சு மறையும். ஃபுளோராவைக் கேட்டேன், நீ இங்கிருந்து அவனைக் கூப்பிடு என்று. 'கூப்பிட்டுட்டேன் மேடம், அழைப்பில் இருக்கிறார்னே வருது, லைனே போக மாட்டேங்குது' என்றாள். பிறகு, 'அவர் வைஃபுக்கு ரொம்ப வலி மேடம், அவங்க என்கிட்ட ஏதோ சொல்ல வந்தாங்க, அதுக்குள்ள கட் ஆயிருச்சு' என்றாள். என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டேன். 'தெரியல மேடம், வயித்துல கை வச்சாங்க, அவ்வளவுதான் பாத்தேன்.' வயிற்றில் கை வைத்தாள். பிரசவத்துக்கு வந்தவள் வயிற்றில் கை வைக்காமல் எங்கே வைப்பாள். ஆனால் அந்தக் கை என் மனதில் மாட்டிக்கொண்டது, வயிற்றின்மேல் ஒரு கை, அடுத்த சைகை எதுவாக இருக்கும், வயிறு வலி, வயிறு இறங்குது, வயிறு என்ன. பாதி வாக்கியம். பாதியில் அறுந்த வாக்கியத்தை நான் இங்கே உட்கார்ந்து முடித்து முடித்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு முடிவும் முந்தினதைவிட மோசமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணினேன். நெட்டில் கிடைத்த நம்பர், முதலில் ஃபார்மசியில் அடித்தது, அவர் வேறு நம்பர் கொடுத்தார். 'சொல்லுங்க' என்றது ஒரு பெண்குரல். செண்பகவல்லின்னு பேஷன்ட், காலையில வந்திருக்காங்க, காது கேட்காது, வாய் பேச வராது, என்றேன். 'எந்த வார்டுங்க?' பிரசவ வார்டு. 'அதுல ரெண்டு இருக்கு, மேலயா கீழயா?' தெரியாதும்மா, நான் சென்னையில இருந்து பேசறேன், அவங்க வீட்டுக்காரர் வெளியே நிக்கிறார், என் தம்பி, பச்சைச் சட்டையா இருக்கும், இல்ல, என்ன சட்டைன்னு தெரியாது, புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும், யாராவது போய் அவர்கிட்ட... 'இருங்க, லைன்ல இருங்க.' லைனில் இருந்தேன். ஏதோ ஒரு இசை, குழந்தை பொம்மைக்குள்ளிருந்து வருவதுபோல. அதுவும் நின்றுவிட்டது. மறுபடி அடித்தால் பிஸி. புருவத்துல வெட்டுத் தழும்பு. சைகையில் அவன் பெயரே அதுதான், ஒரு விரலால் புருவத்தைக் குறுக்கே கோடு போட்டால் தனபாலன். செண்பகத்துக்குக் கன்னத்தில் குழி. எனக்கு அவன் வைத்த பெயர் காதைத் தொடுவது. கேட்கிறவள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் கேட்கும், ஆனாலும் அவனுக்குக் கேட்கிறவள் நான் ஒருத்திதான். ஸ்கூலில் டீச்சர் அவனைத் திட்டினால் என்னை வகுப்பிலிருந்து கூட்டிவரச் சொல்வார்கள், என்ன திட்டினார் என்று அவனுக்குச் சொல்ல. முடிவெட்டும் கடை, ரேஷன் கடை, அவனுக்கு ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை கேட்கப் போனபோது அந்த முதலாளியின் மேஜைமுன், செண்பகத்தைப் பெண் பார்க்கப் போனபோது இரண்டு குடும்பத்துக்கும் நடுவில். அவன் அவளிடம் என்ன சொன்னான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அப்போது மட்டும் நான் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது, இவர்களுக்கு நடுவில் என்னைப்போல ஒருத்தி காலமெல்லாம் நிற்கக்கூடாது, இவர்களுக்கு வேண்டியபோது வந்துவிட்டு வேண்டாதபோது போய்விடுகிற ஆள் வேண்டும், அழுத்தினால் வர வேண்டும், பேக் அழுத்தினால் போக வேண்டும். ஆப் வந்த அன்று அவன் காது கேளாதோர் சங்கத்துக்குப் போய் எல்லோருக்கும் காட்டினானாம். புருவத்தில் கோடு, காதைத் தொட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சிலிருந்து விரித்து, தனபாலனின் அக்கா செய்தது. வளைகாப்புக்கு நான் போயிருந்தபோது என்னிடம் சொன்னான், இனி உனக்குத் தொந்தரவு இல்லை, ஆஸ்பத்திரியிலும் ஆப்தான், நீ வந்தால் பாப்பாவைப் பார்க்க மட்டும் வா. அதனால்தான் அவன் எனக்குக் கூப்பிடவில்லை. ஆப்பை மூடிவிட்டு வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும். செய்யமாட்டான். அது அக்காவின் ஆப். அது வரும் என்று நின்றுகொண்டிருக்கிறான்.

நவ்ஷாத் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காயல்பட்டினத்துப் பையன், பதற்றம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். 'திருத்திட்டேன்க்கா. முகப்பு நம்பறதுக்கு முன்னாடி நெசமாவே அழைப்பு இருக்கான்னு ஒருதடவை கேக்குது, அவ்வளவுதான். ஆப் ஸ்டோருக்கு அனுப்பிட்டேன்.' எப்ப வரும்? 'பரிசீலனையில் இருக்குன்னு போட்டிருக்கான். சாயங்காலமும் வரலாம், நாளைக்கும் வரலாம்.' வந்தாலும் தனபாலன் அப்டேட் பண்ண வேண்டும். நவ்ஷாத் மானிட்டரைப் பார்த்தான், முகப்பு, அழைப்பு, முகப்பு. 'அவரை இங்கிருந்து வெளியே தள்ளிடலாமாக்கா' என்றான். சர்வரில் அவனுடைய லாகினை முறித்துவிட்டால் ஆப் அவனை லாகின் திரையில் கொண்டுபோய் நிறுத்தும், அந்தத் திரை யாரையும் எங்கும் அனுப்பாது, சுற்று நின்றுவிடும். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடியது. சரி, சரி, செய். அவன் டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போதே கூடாது நில் என்றேன். லாகினிலிருந்து வெளியேற்றும்போது நாம் எதையெல்லாம் அழிக்கிறோம்? இரண்டு பேரும் ஆப்பின் புரோகிராமைத் திறந்து பார்த்தோம். பெயரை அழிக்கிறோம், நம்பரை அழிக்கிறோம், டோக்கனை அழிக்கிறோம். அழைப்பில் இருக்கிறார் என்பதை அழிக்கவில்லை. அது பிற்பாடு சேர்த்தது, இங்கே வந்து சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படியென்றால் மறுபடி உள்ளே வந்தால் மறுபடி அதே சுற்று. 'ஆனா லாகின் திரையில நிக்கும்போது அலுத்துப்போய் ஆப்பை மூடிருவார்லக்கா, உங்களைக் கூப்பிடுவார்ல' என்றான் நவ்ஷாத். மூடுவானா. எனக்குத் தெரியவில்லை. முறி என்றேன். வரிகள் நின்றன. லாகின். ஒரே வரி, லாகின், அசையாமல். நான் என் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். கூப்பிடு. இப்போது கூப்பிடு. மேஜைக்கு அடியில் என் இடதுகை தானாகச் சைகை செய்துகொண்டிருந்தது, கூப்பிடு கூப்பிடு என்று, கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்து, கன்னத்துக்குப் போகாமல் தொடையில் தட்டிக்கொண்டு. மானிட்டரில் புது வரி வந்தது, நம்பர் உள்ளிட்டார். பிறகு, ஓடிபி கேட்டார். ஒவ்வொரு எண்ணாக அவன் பார்த்துப் பார்த்து அடிப்பது எனக்குத் தெரியும், நாக்கு நுனியைப் பல்லுக்கு வெளியே வைத்துக்கொள்வான். பொறுமையாக, ஒரு எண்கூடத் தப்பாமல் அடித்து உள்ளே வந்துவிட்டான். முகப்பு. அழைப்பு. முகப்பு. அழைப்பு. நவ்ஷாத் மெல்ல, 'யா அல்லாஹ்' என்றான்.

அப்பாவுக்கு மதுரையில் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்து, 'தம்பிக்கு நீயே சொல்லிரும்மா' என்றார், சொல்லிவிட்டு நகர்ந்துபோய்விட்டார். அவன் ஜன்னலோரம் நின்று ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளைத் தொட்டுத் திருப்பினேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தான், முகத்திலேயே பாதி தெரிந்திருக்கும், ஆனாலும் கையைப் பார்த்தான், அவனுக்கு எதுவும் கையில் வந்தால்தான் நிஜம். அப்பா என்று சொன்னேன். அதற்கு அடுத்ததற்குக் கை வரவில்லை. வாயில் சொல்ல வேண்டியிருந்தால் அழுதுகொண்டே உளறிவிடலாம், கையில் அழுதுகொண்டே சொல்ல முடியாது, விரல் நேராக நிற்க வேண்டும். அவன் காத்துக்கொண்டிருந்தான், அப்பா, அப்பா என்ன, அப்பா என்ன என்று அவன் கை கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போதும் எனக்கு எங்கிருந்தாவது ஒரு போன் வரும், யாரோ ஒருவர், நீங்களே சொல்லிருங்கம்மா என்பார். வயிற்றில் கை, அப்புறம் என்ன. யாருடைய பெயர் முதலில் வரும், கன்னத்துக் குழியா, இன்னும் பெயரே வைக்காததா. நினைக்காதே. பெருங்குடி சாலையில் ஒரு ஆம்புலன்ஸ் போகிறது, இங்கே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அது கொசு மாதிரிக் கேட்கிறது. யாரோ டிபன்பாக்ஸைத் திறந்துவிட்டார்கள், வெங்காய சாம்பார் வாசனை. மானிட்டரைப் பார்த்தேன். வரிகள் நின்றிருந்தன. அழைப்பு என்ற வரிதான் கடைசி, அதற்குப் பிறகு முகப்பு வரவில்லை. நவ்ஷாத்தும் பார்த்துக்கொண்டிருந்தான். 'சார்ஜ் போயிருக்கும்க்கா' என்றான். இவ்வளவு நேரம் அந்த வரிகளைப் பார்க்கச் சகிக்கவில்லை, இப்போது அவை மறுபடி ஓடாதா என்று இருந்தது. சுற்றிக்கொண்டாவது இருந்தான். அவன் விரல் அங்கே இருக்கிறது என்று தெரிந்தது. இப்போது ஒன்றுமில்லை, ஒரு வெள்ளைத்திரை, கடைசி வரிக்குக் கீழே காலி.

தெரியாத நம்பரிலிருந்து வீடியோ கால். அவசரத்தில் முதல் தடவை கட் பண்ணிவிட்டேன், உடனே மறுபடி வந்தது. ஒரு நர்ஸ், மூக்குக்குக் கீழே மாஸ்க்கை இறக்கிவிட்டிருந்தாள். 'நீங்க இவரோட அக்காவா? உங்க நம்பரைக் கையில எழுதிக் காட்டினார்.' அவளுக்குப் பின்னால் தனபாலனின் முகம் ஒரு கணம் வந்தது, வியர்த்து, புருவத்துத் தழும்பு வெளுத்து. 'மேடம், ஊசி போட விடமாட்டேங்கறாங்க இவங்க, கையை வீசிக்கிட்டே இருக்காங்க, ட்ரிப் ரெண்டுதடவை பிடுங்கிருச்சு, அதான் ஆள் வச்சுப் பிடிச்சிருக்கோம். கொஞ்சம் அடங்கி இருக்கச் சொல்லுங்க.' போனைத் திருப்பினாள். கட்டிலில் செண்பகவல்லி. ஒருபக்கம் ஒரு ஆயா, இன்னொரு பக்கம் ஒரு நர்ஸ், இரண்டு மணிக்கட்டையும் மெத்தையோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். செண்பகம் தலையை இங்கும் அங்கும் புரட்டினாள், வாயிலிருந்து அவளுக்கே கேட்காத ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். கையை விடுங்க என்றேன். 'மேடம், விட்டா மறுபடி...' கையை விடுங்கம்மா, அவ வீசல, அவ பேசறா, கையைப் பிடிச்சா வாயைப் பொத்தின மாதிரி. என் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும், எல்லோரும் திரும்பினார்கள். விடுங்க! அந்த நர்ஸ் என்ன நினைத்தாளோ, ஆயாவிடம் தலையசைத்தாள். விட்டார்கள். செண்பகத்தின் கை மேலே வரவில்லை, நேராக வயிற்றுக்குப் போனது. வயிறு. பிறகு குழந்தை, இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி. பிறகு விரல்களைக் குவித்து அசைத்து, அசைவதை நிறுத்தி, தலையை ஆட்டினாள். போனுக்குள் என்னைப் பார்த்தாள். மறுபடி சொன்னாள். குழந்தை அசையவில்லை. விடிந்ததிலிருந்து அசையவில்லை. சொல்கிறேன், சொல்கிறேன், யாருக்கும் தெரியவில்லை. நான் அதை வாயால் சொன்னேன். என் குரலில் செண்பகம் சொன்னாள், 'புள்ள அசையல. காலையில இருந்து அசையலயாம். அதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்காளாம்.' அந்த நர்ஸின் முகம் மாறியதைப் பார்த்தேன். 'டாக்டர்!' என்று கத்திக்கொண்டு போனோடு ஓடினாள், கூரை ஓடியது, ட்யூப்லைட் ஓடியது, தனபாலனின் தோள் ஓடியது.

டாக்டரம்மா வந்தார், வயிற்றில் எதையோ வைத்துக் கேட்டார், போனுக்கு முகத்தைக் கொடுக்காமலே பேசினார். 'துடிப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. இப்பவே ஆபரேஷன் பண்ணணும். மயக்க ஊசி முதுகுல போடுவோம், ஆடாம இருக்கணும். சொல்லுங்க.' நான் என் போனை நவ்ஷாத்திடம் கொடுத்தேன், என் முகமும் கையும் இடுப்புவரை தெரிகிறமாதிரி பிடி என்றேன், அவன் இரண்டு கையாலும் பிடித்தான். அங்கே நர்ஸ் தன் போனை செண்பகத்தின் முகத்துக்கு மேலே பிடித்தாள். விரல் நேராக நிற்க வேண்டும். இதயம், நெஞ்சில் முஷ்டியால் தட்டி, மெதுவாக, இன்னும் மெதுவாக. வயிற்றில் கட்டைவிரலால் கோடு. முதுகில் ஊசி. நீ அசையக்கூடாது. செண்பகம் என் கையைக் குடிப்பதுபோலப் பார்த்தாள். குழந்தை உயிர் இருக்கா என்று கேட்டாள். டாக்டரைக் கேட்டேன். 'இருக்கு. சீக்கிரம்.' இருக்கு என்றேன். தனபாலன் எட்டிப் பார்த்து, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். ஒன்றும் செய்ய முடியாது, நில் என்றேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். 'தியேட்டருக்குள்ள போன் கூடாது மேடம்' என்றாள் நர்ஸ். உங்க பேரென்னம்மா? 'சகாயமேரி.' சகாயமேரி, உள்ளே அவ கையைக் கட்டுவாங்களா? 'கட்டுவோம் மேடம், ஆபரேஷன்ல கட்டித்தான் ஆகணும்.' ஒரு கையையாவது விட முடியுமான்னு கேளுங்க. இல்லன்னா அவ பார்க்கிற இடத்துல நீங்க நில்லுங்க. புள்ள வந்ததும் அவ உங்க கையைத்தான் பார்ப்பா. பாருங்க, இது நல்லா இருக்கு, கட்டைவிரலைத் தூக்குங்க. பொண்ணுன்னா மூக்குத்தி போடுற இடத்தைத் தொடுங்க. பையன்னா மீசையை முறுக்குங்க. சகாயமேரி செய்துகாட்டினாள், மூக்கு, மீசை, கட்டைவிரல், அவசரத்தில் மீசையை முறுக்கிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்க மறந்தாள். 'சரியா மேடம்?' சரிம்மா. நல்லா இல்லன்னா எப்படிச் சொல்வது என்று அவள் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. போன் அணைந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். நின்றுகொண்டே இருந்தேன். நவ்ஷாத் தண்ணீர் கொண்டுவந்தான், குடித்தேனா என்று ஞாபகமில்லை. என் கைகள் சும்மா தொங்கின, இரண்டு பக்கமும், யாருக்கும் சொல்ல எதுவும் இல்லாமல் கை இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருதடவை போன் அதிர்ந்தது, ஸ்டோரிலிருந்து, உங்கள் புதிய பதிப்பு பரிசீலனையில் இருக்கிறது. மற்றொரு தடவை செண்பகத்தின் அம்மா, பஸ் சாத்தூர் தாண்டிவிட்டதாம், ஏம்மா எப்படி இருக்கா என்று கேட்டார்கள். உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்கத்தை என்றேன். பிறகு சகாயமேரியின் நம்பர். 'பொண்ணு மேடம். உடனே அழல, கொஞ்சநேரம் கழிச்சுத்தான் அழுதுச்சு. எடை ரொம்பக் கம்மி, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கு. ரெண்டு மூணு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லச் சொன்னாங்க. அம்மா நல்லா இருக்காங்க.' கையைக் காட்டினீங்களா என்று கேட்டேன். 'மூக்கைத் தொட்டேன் மேடம். பாத்துட்டு அழுதுட்டாங்க. கட்டைவிரலு காட்டவான்னு தெரியல, புள்ளை அப்ப அழவே இல்ல, அதான் காட்டல.' சரியாகத்தான் செய்திருக்கிறாள். பொய் சொல்லவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், அப்புறம்தான் அழுகை வந்தது, சத்தமாக, நவ்ஷாத் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மதியத்துக்கு மேல் தனபாலன் எங்கோ சார்ஜ் போட்டிருப்பான். என்னுடைய செய்திகள் எல்லாம் ஒரே நேரத்தில் நீலமாயின, ஆப் அழி, ஆப் அழி, மறுபடி போடு, ஒரு முழுத்திரைக்கு. அவன் எழுதத் தொடங்கினான். 'பொண்ணு. சின்னது. பெட்டி. செண்பகம் தூக்கம்.' அடுத்து, 'ஆப் நான் தப்பு அழுத்தினேன். நிறைய அழுத்தினேன். அதான் வரலை.' நான் அதைப் படித்தேன், மறுபடி படித்தேன். அவன் ஒரு இடத்தில்கூடத் தப்பாக அழுத்தவில்லை, ஒவ்வொரு வரியும் என்னிடம் இருக்கிறது, ஆப் என்ன சொன்னதோ அதை அப்படியே செய்திருக்கிறான், போ என்ற இடத்துக்கெல்லாம் போயிருக்கிறான். ஸ்டேட் என்பதை, அழைப்பு என்று ஒன்று இல்லாமலே இருப்பதாக ஆப் நம்பியதை, அவனுக்கு எந்தச் சொல்லில் எழுதுவது. கடைசியில் அவன் தமிழிலேயே எழுதினேன். 'நீ தப்பு இல்லை. அக்கா தப்பு.' உடனே பதில் வந்தது. 'பொய். எனக்காகச் சொல்றே.' எழுதிக்கொண்டிருக்கிறான் என்று மேலே காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பிறகு வந்தது. 'நீ ஊர் வா. பாப்பா பார். சரியா அழுத்த எனக்குக் கத்துக்குடு.'